கார்டு இருக்கிறது, டிரைவர் இல்லை: ஃப்ரீபிஎஸ்டியில் நெட் வந்த கதை

லினக்ஸைப் போலவே இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 14-ஐ நிறுவி முடித்ததும், உள்ளே போய் நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையை அடித்தேன். எல்ஓ0 என்ற ஒற்றைப் பெயர் மட்டும் வந்து நின்றது. அது லூப்பேக், கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கானது. ரவுட்டரிலிருந்து வரும் கேபிள் செருகித்தான் இருந்தது, துளையின் ஓரத்தில் விளக்குகூட எரிந்தது. ஆனால் இயங்குதளத்தைக் கேட்டால், ஈதர்நெட் கார்டு என்ற ஒன்றே அந்தப் பெட்டியில் கிடையாது.

நான் கணினித் துறை ஆள் இல்லை. ஒளிப்படம் எடுப்பது தொழில். எடுத்த படங்களைக் காப்பாற்றி வைக்கிற கவலையில்தான் லினக்ஸுக்கு வந்தேன், அதே கவலைதான் இப்போது இங்கேயும் தள்ளிவிட்டது. வட்டில் தூங்கும் கோப்பில் ஒரு பிட் புரண்டால் ரா படத்தின் குறுக்கே கோடு விழும். திறந்து பார்க்கும் நாள்வரை அது யாருக்கும் தெரியாது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொண்டு, படிக்கும்போதெல்லாம் ஒத்துப் பார்க்கிறது. இரண்டு வட்டுகளை மிரராக, அதாவது ஒன்றின் நகலாக மற்றொன்றை, வைத்திருந்தால் கெட்டுப்போன பிரதியை நல்ல பிரதியைக் கொண்டு தானே திருத்திக்கொள்கிறது. லினக்ஸிலும் அதைப் போட்டுக்கொள்ளலாம், தெரியும். ஃப்ரீபிஎஸ்டியில் அது இயங்குதளத்தோடேயே வருகிறது. நிறுவும்போதே இயங்குதளமே இருக்கும் ரூட் வட்டையும் அதில் அமைத்துவிடலாம். அது எனக்குப் பிடித்தது.

நிறுவுகிற வரைக்கும் நெட் தேவைப்படவில்லை. பென் டிரைவுக்கான படிமத்தில் இரண்டு வகை உண்டு: எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரியது, மீதியை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்கிற சின்னது. நான் எடுத்தது பெரியது. புதிய மதர்போர்டில் முதல்முறை ஏற்றுகிற யாருக்கும் அதையே சொல்வேன். சின்னதை எடுத்திருந்தால் நிறுவும் திரையிலேயே நின்றிருக்கும்.

லினக்ஸில் இந்த மாதிரி சமயத்தில் விரல்கள் தாமாகவே சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்துவிடும். இங்கே அந்த வேலைக்குப் பிசிஐகான்ஃப் என்று ஒன்று இருக்கிறது. அதோடு எல், வி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் மதர்போர்டில் சாதனங்களை இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் தொங்கும் ஒவ்வொன்றையும் பெயரோடு வரிசையாகச் சொல்கிறது. வட்டுக் கட்டுப்பாட்டு சிப், யூஎஸ்பி, ஒலி என்று போய்க்கொண்டே வந்த பட்டியலில் ஒரு வரி நன்0 என்று தொடங்கியது. டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் நிரல், எதுவும் கையேற்காத சாதனங்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி கொடுக்கும் பெயர் அது. அந்த வரியிலேயே வகுப்பு எண் 020000 என்று இருந்தது, அதாவது ஈதர்நெட். தயாரிப்பாளர் எண் 10ஈசி, சாதன எண் 8125. ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் சிப்.

இந்த இரண்டு எண்களும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மதர்போர்டின் பெட்டியில் அச்சடித்திருக்கும் விளம்பரப் பெயரை வைத்துத் தேடுவது வீண். ஒரே பெயரில் விற்கும் பலகைகளில் வெவ்வேறு சிப் இருக்கும். பிசிஐ சாதனம் ஒவ்வொன்றின் உள்ளேயும் கான்ஃபிகரேஷன் பகுதி என்று ஒன்று உண்டு. அதன் முதல் இரண்டு பைட் தயாரிப்பாளர் எண், அடுத்த இரண்டு பைட் சாதன எண். எந்த இயங்குதளம் கேட்டாலும் சிப் அதே பதிலைத்தான் சொல்லும். இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086 என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவர்களுடைய பழைய புராசஸரின் பெயரையே பதிவு எண்ணாக வாங்கி வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் பக்கம் நடப்பதும் சிக்கலானதல்ல. ஒவ்வொரு டிரைவரிடமும் தனக்குத் தெரிந்த சிப்களின் எண்கள் ஒரு பட்டியலாக இருக்கும். பூட் ஆகும்போது, இயங்குதளத்தின் மையமான கர்னல் ஒவ்வொரு சாதனத்தையும் டிரைவர்களிடம் காட்டி, இது உன்னுடையதா என்று கேட்கிறது. புரோப் என்பது இந்தக் கேள்விதான். தெரியும் என்று சொல்லும் டிரைவர் தனக்கு எவ்வளவு நிச்சயம் என்று ஒரு மதிப்பையும் சேர்த்துச் சொல்லும்; அதிக மதிப்பு சொன்னதற்குச் சாதனம் போய்ச் சேரும். யாருமே தெரியாது என்றால் நன்0, நன்1 என்று பெயர் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

என் சிப்பின் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க நெட் தேவையில்லை என்பதுதான் ஃப்ரீபிஎஸ்டியில் எனக்குக் கிடைத்த முதல் இன்ப அதிர்ச்சி. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கையேட்டுப் பக்கம், நான்காம் பிரிவில். ஆர்ஈ என்ற டிரைவரின் பக்கத்தைத் திறந்தால் ஹார்டுவேர் என்ற தலைப்பின் கீழ் அது ஓட்டும் சிப்களும் கார்டுகளும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வெளியீட்டோடும் வருகிற வன்பொருள் குறிப்பு ஆவணமே இந்தப் பக்கங்களின் அந்தப் பகுதிகளைத் திரட்டித்தான் உருவாகிறது. அதனால் அந்தப் பக்கத்தை நம்பலாம். 8139-இன் சி பிளஸ் ரகம், 8169, 8168, 8111 எல்லாம் இருந்தன. 8125 இல்லை. லினக்ஸில் இந்த மாதிரி விஷயத்துக்கு நான் மேன் பக்கம் என்கிற கையேட்டுப் பக்கத்தைப் பார்த்ததே கிடையாது. முதலில் கை போவது தேடுபொறிக்குத்தான். இங்கே தேடுபொறிக்கு வழியில்லாமல் உட்கார்ந்து படித்ததில் நிறையத் தெரிந்துகொண்டேன்.

அப்படித் தெரிந்துகொண்டவற்றில் ஒன்று, பெயர் வைக்கும் முறை. என் லினக்ஸ் மடிக்கணினியில் கார்டின் பெயர் ஈஎன்பி3எஸ்0. மூன்றாம் பஸ், பூஜ்யமாவது ஸ்லாட் என்று அது இருக்கும் இடத்தைச் சொல்கிற பெயர். ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவரின் பெயரே கார்டின் பெயர். இன்டெல் கார்டு என்றால் ஈஎம்0 அல்லது ஐஜிபி0, ரியல்டெக் என்றால் ஆர்ஈ0. முதலில் இது பழங்காலத்து முறையாகத் தோன்றியது. இப்போது எனக்கு இதுதான் வசதி. பெயரைப் பார்த்த உடனே எந்தக் கையேட்டுப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை முதலில் வந்தது ஃப்ரீபிஎஸ்டியின் மூதாதையான 4.2பிஎஸ்டியில், 1983-இல். இன்றைய இணையம் பேசும் சாக்கெட் முறையும் அதே வெளியீட்டில்தான் பரவலாக வெளியே வந்தது. அந்தப் பரம்பரையில் வந்த ஒரு இயங்குதளம் என் மேசையில் நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

ஏன் இல்லை என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு டிரைவரை எழுதிப் பராமரிக்க ஆள் வேண்டும். 8125-க்கான ஆதரவு லினக்ஸின் ஆர்8169 டிரைவரில் 2019-இலேயே சேர்ந்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டியின் உறவுக்கார இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில் ஆர்ஜிஈ என்ற தனி டிரைவராக அடுத்த ஆண்டு 6.7 வெளியீட்டில் வந்தது. லினக்ஸிலிருந்து அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஜிபிஎல் உரிமத்தில் இருக்கும் நிரலை பிஎஸ்டி உரிமத்துக் கர்னலுக்குள் கொண்டுவந்தால் உரிமம் இடிக்கும். ஓபன்பிஎஸ்டியிலிருந்து எடுப்பதில் அந்தத் தடை இல்லை, ஆனால் இரண்டு கர்னல்களின் உள்கட்டமைப்பும் இப்போது வெகுதூரம் பிரிந்துவிட்டன. யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். நல்ல வேளையாக மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. சிப் தயாரிப்பாளரே ஃப்ரீபிஎஸ்டிக்கான டிரைவர் மூலநிரலைக் கொடுக்கிறார்கள். அதை யாரோ ஒரு புண்ணியவான் போர்ட் ஆக்கி, அதாவது ஃப்ரீபிஎஸ்டியில் கட்டி நிறுவ ஏற்றபடி அமைத்து, ரியல்டெக்-ஆர்ஈ-கேமாட் என்ற பெயரில் பேக்கேஜ் தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்.

இந்த டிரைவர்களின் மூலநிரலை மேய்ந்துகொண்டிருந்தபோது பில் பால் என்பவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் டிரைவர்களில் ஏகப்பட்டவை அவர் எழுதியவை. பழைய 8139 சிப்புக்கான ஆர்எல் டிரைவரின் தலைப்பிலேயே, மலிவுச் சரக்கு என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் கொடுத்த சிப் இது என்கிற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். திட்டிவிட்டு ஒழுங்காக டிரைவரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார் பாருங்கள், அதுதான் விஷயம். வயர்லெஸ் கார்டுகளுக்கு டிரைவரே கிடைக்காத காலத்தில், விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் கோப்பை அப்படியே ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குள் ஓட வைக்கும் ஏற்பாடு ஒன்றையும் செய்தவர் அவர். புராஜெக்ட் ஈவில் என்று அதற்குப் பெயர். 14-ஆம் வெளியீட்டில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை என்றாலும், ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று ஆசையாகத்தான் இருந்தது.

சரி, பேக்கேஜ் இருக்கிறது. அதை எடுத்து வர நெட் வேண்டும். நெட்டுக்கு அந்த பேக்கேஜ் வேண்டும். போதாக்குறைக்கு, புதிதாக நிறுவிய ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜ்களை நிறுவும் பிகேஜி என்ற கட்டளையே முழுதாக இருக்காது. முதல்முறை கூப்பிடும்போதுதான் அது நெட்டில் போய்த் தன்னையே இறக்கிக்கொள்கிறது.

என் அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “மாமா, யூஎஸ்பி அடாப்டர் ஒண்ணு செருகினா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பாடு?”

“அது வேலை செய்யும்டா, இல்லேங்கல. ஆனா பலகையிலயே ஒரு கார்டு இருக்கே, அது எதுக்குச் சும்மா கிடக்கணும்?”

“உங்களுக்குப் பொழுது போகணும், அதச் சொல்லுங்க.”

அவன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர்களில் பெரும்பாலும் இரண்டு குடும்பத்துச் சிப்கள்தான் இருக்கும், இரண்டுக்கும் இங்கே டிரைவர் உண்டு: ஏஎக்ஸ்ஜிஈ, யூஆர்ஈ. நிரந்தரமாக அதையே வைத்துக்கொள்வதில்தான் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவன் பேச்சில் இருந்த யூஎஸ்பி என்ற சொல் வேறொரு வழியைக் காட்டியது. என் ஆண்ட்ராய்டு கைபேசியைச் சார்ஜ் கேபிளால் பெட்டியோடு இணைத்து, அமைப்புகளில், கைபேசியின் நெட்டைக் கேபிள் வழியே பகிரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டேன். கைபேசி தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொள்ளும். அதற்கான மாட்யூல் (கர்னலில் தனியாக ஏற்றக்கூடிய நிரல் துண்டு) இஃப்_யூஆர்என்டிஐஎஸ், ஃப்ரீபிஎஸ்டியிலேயே இருக்கிறது. அதைக் கேஎல்டிலோட் கட்டளை கொண்டு ஏற்றியதும் யூஈ0 என்று ஒரு புதுப் பெயர் திரையில் முளைத்தது. டிஎச்கிளையன்ட் யூஈ0 என்று அடித்ததும் முகவரி வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான், நெட். கைபேசி ரவுட்டரின் வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாகூடச் செலவாகாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமில்லை, ஐபிஈத் என்ற டிரைவரோடு இன்னொரு மென்பொருளும் வேண்டும்.

டெதரிங்கும் முடியாதவர்களுக்கு: இன்னொரு கணினியில் அந்த பேக்கேஜ் கோப்பை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். அது அடிப்படையில் சுருக்கப்பட்ட ஒரு டார் கோப்புதான். ஃப்ரீபிஎஸ்டியின் டார் கட்டளையே அதைப் பிரித்துவிடும். உள்ளே இருக்கும் இஃப்_ஆர்ஈ.கேஓ என்ற ஒரே கோப்பை எடுத்து பூட் கோப்புறைக்குள் இருக்கும் மாட்யூல்ஸ் கோப்புறையில் போட்டால் போதும்.

பேக்கேஜ் ஏறியது. பூட்டில் எழுதிப் போடுவதற்கு முன் கையால் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். ஏற்றினேன். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் வந்து விழுந்த வரி இதுதான்: பிசிஐ/ஆர்ஈ என்பதை இஃப்_ஆர்ஈ.கேஓ-விலிருந்து பதிவுசெய்ய முடியாது, கர்னலிலிருந்து ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது.

யோசித்தால் புரிகிற விஷயம்தான். ஃப்ரீபிஎஸ்டியின் வழக்கமான ஜெனரிக் கர்னலுக்குள்ளேயே பழைய ஆர்ஈ டிரைவர் உட்கார்ந்திருக்கிறது. என் சிப்பை அதற்குத் தெரியாது, ஆனாலும் ஆர்ஈ என்ற பெயர் அதனிடம். புதிதாக வந்ததும் அதே பெயரோடு வருகிறது. ஒரே பஸ்ஸில் ஒரே பெயரில் இரண்டு டிரைவர் இருக்கக் கூடாது என்பதால் பின்னால் வந்ததை வெளியே நிறுத்துகிறது கர்னல். வகுப்பில் இரண்டு கந்தசாமி இருந்தால் வாத்தியார் ஒருவனுக்கு இனிஷியல் சேர்ப்பார். கர்னல் அப்படிச் செய்யாது, முதலில் வந்தவனை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடும்.

ஆக, புதியதை முதலில் வரவைக்க வேண்டும். பூட் கோப்புறையில் இருக்கும் லோடர்.கான்ஃப் கோப்பில் இரண்டு வரி. இஃப்_ஆர்ஈ_லோட் என்பதற்கு நேரே யெஸ். இஃப்_ஆர்ஈ_நேம் என்பதற்கு நேரே அந்தக் கேஓ கோப்பின் முழுப் பாதை. லோடர் என்பது கர்னல் உயிர்பெறுவதற்கு முன்பே ஓடுகிற சின்ன நிரல். அது கர்னலையும் சேர்த்து இந்த மாட்யூலையும் நினைவகத்தில் வைத்துவிடுகிறது. கர்னல் கண் விழித்ததும், இப்படி முன்கூட்டியே ஏற்றி வைத்த மாட்யூல்களை முதலில் பதிவுசெய்துவிட்டு, தன்னுள்ளேயே இருப்பவற்றை அப்புறம்தான் எடுக்கிறது. இரண்டாவது வரியை, அதாவது முழுப் பாதையை, பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அதே பெயரில் பழைய மாட்யூல் ஒன்று கர்னல் கோப்புறையிலும் கிடக்கிறது. பாதை சொல்லாவிட்டால் லோடர் முதலில் பார்ப்பது அந்தக் கோப்புறையைத்தான். பழையதையே எடுத்து வந்து நீட்டும்.

ரீபூட். இந்த முறை டிமெசேஜில் வந்தது: பிசிஐ/ஆர்ஈ என்பதைக் கர்னலிலிருந்து பதிவுசெய்ய முடியாது, இஃப்_ஆர்ஈ.கேஓ-விலிருந்து ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது. அடுத்த வரியில் பதிவு தோல்வி, எண் 17.

தோல்வி என்று எழுதியிருக்கிறதே என்று பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். வரியை நிதானமாகப் படித்தால் முன்பு பார்த்த அதே வாக்கியம்தான், ஆட்கள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். இப்போது வெளியே நிற்பது பழைய டிரைவர். 17 என்பது யூனிக்ஸ் உலகில் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கான பிழை எண். இந்த டிரைவரைப் பொறுத்தவரை அந்தத் தோல்விச் செய்திதான் வெற்றிச் செய்தி. அது இனிமேல் ஒவ்வொரு பூட்டிலும் வரும், வரட்டும்.

பிசிஐகான்ஃபில் நன்0 போய் ஆர்ஈ0 வந்திருந்தது. ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஆர்ஈ0-வுக்கு டிஎச்சிபி (ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கும் முறை) என்று ஒரு வரி சேர்த்து நெட்வொர்க் சேவையை மறுபடி தொடங்கினேன். கைபேசியைக் கழற்றிவிட்டு பிங் போட்டுப் பார்த்தேன், போனது. ஐஎஃப்கான்ஃபிக் காட்டிய வேகம் மட்டும் 1000பேஸ்-டி. கார்டு 2.5 கிகாபிட் பேசத் தயார், என் ரவுட்டரின் துளைகள் ஒரு கிகாபிட்தான். அக்கா மகனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

பேக்கேஜ் நிறுவும்போது திரையில் ஒரு குறிப்பு ஓடும். நிறையப் பேர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள், இங்கே தாண்டாதீர்கள். இந்த டிரைவர், நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது தரவுப் பொட்டலத்தையும், வாங்கி வைக்க, கார்டு தாங்கக்கூடிய மிகப்பெரிய ஃபிரேம் அளவுக்கே இடம் ஒதுக்கும். 4096 பைட் கொண்ட நினைவகப் பக்கங்கள் பல அடுத்தடுத்துக் கிடைத்தால்தான் அது முடியும். நாள்கணக்கில் ஓடி நினைவகம் துண்டு துண்டாகிப் போன பெட்டியில் அப்படித் தொடர்ச்சியாகக் கிடைக்காமல் டிரைவர் அப்படியே உறைந்து நிற்கக்கூடும். ஜம்போ ஃபிரேம் என்கிற பெரிய பொட்டலங்கள் தேவையில்லாதவர்கள் லோடர்.கான்ஃபில் எச்டபிள்யூ.ஆர்ஈ.மேக்ஸ்_ஆர்எக்ஸ்_எம்பஃப்_எஸ்இசட் என்பதை 2048 என்று வைத்துவிடலாம். இசட்எஃப்எஸ் தன் கேஷுக்காக நினைவகத்தை வாரி எடுத்துக்கொள்ளும் பெட்டி என்னுடையது. யோசிக்காமல் 2048 வைத்தேன். படக் கோப்புறைகள் முழுவதையும் இரவெல்லாம் நகலெடுக்க விட்டதில் ஒரு தடங்கலும் இல்லை.

வயர்லெஸ் பற்றி யாராவது கேட்பீர்கள். படங்களை வைக்கும் பெட்டிக்குக் கேபிள்தான் என்பது என் கட்சி, ஆகவே அதில் நான் கை வைக்கவில்லை. இன்டெல் வயர்லெஸ் சிப்களுக்கு 13.1-லிருந்து ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் இருக்கிறது. லினக்ஸ் டிரைவரையே ஒரு ஒட்டு அடுக்கு வைத்து ஓட்டுகிறார்கள். அதுவும் உதவாத கார்டுகளுக்கு வைஃபைபாக்ஸ் என்று ஒன்று உண்டு. பெட்டிக்குள்ளேயே சின்னதாக ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை ஓட்டி, கார்டை அதனிடம் ஒப்படைத்து, அதன் வழியாக நெட் வாங்கிக்கொள்வது.

மிச்சம் இருப்பது அப்டேட். வெளியிலிருந்து வந்த மாட்யூல் கர்னலின் பதிப்போடு கட்டுண்டது. ஓடும் கர்னலைவிடப் புதிய பதிப்புக்குக் கட்டப்பட்ட மாட்யூலைக் கொடுத்தால், பதிப்பு பொருந்தவில்லை என்று கர்னல் மறுத்துவிடும். பழையதற்குக் கட்டியதைக் கொடுத்தால் ஏற்றிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஏதாவது மாறியிருந்தால் பெட்டியே விழுந்துவிடலாம். 14.1-லிருந்து 14.2 என்பது போன்ற சின்னத் தாவல்களில்கூட இந்தத் தொல்லை வரலாம். அதனால் கர்னலை மாற்றும் முன் பிஈசிடிஎல் கட்டளையால் ஒரு பூட் சூழலை, அதாவது இயங்குதளத்தின் அப்போதைய நிலையை, நகலெடுத்து வைக்கிறேன். ரூட் வட்டு இசட்எஃப்எஸ்ஸில் இருப்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். புதியது சரிப்படாவிட்டால் பூட் மெனுவில் பழைய சூழலைத் தேர்ந்தெடுத்தால் கர்னலும் அதற்குப் பொருந்திய மாட்யூலும் சேர்ந்தே திரும்பி வருகின்றன. மாட்யூல் மட்டும்தான் சண்டை போடுகிறது என்றால் மெனுவிலிருந்து லோடர் வரிக்கு இறங்கி, அந்த மாட்யூலை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு பூட் என்று அடித்தால் அது இல்லாமல் எழுந்துவிடும். நெட் இருக்காது, ஆனால் கைபேசியும் கேபிளும் இருக்கின்றன. மூலநிரலிலிருந்தே மாட்யூலைக் கட்டிக்கொள்கிறவர்கள் கர்னலின் மூலநிரலையும் அதே பதிப்புக்கு மாற்றிவிட்டுக் கட்டுங்கள். நான் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை, பேக்கேஜே போதுமாக இருக்கிறது.